நகலில் விடுபட்ட நாற்பத்தொரு வீடுகள்

ஒரு கணினியில் இருக்கும் கோப்புகளை இன்னொன்றுக்கு நகல் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ‘முடிந்தது’ என்று திரை சொன்ன பிறகுதான் எங்கள் தலைவலியே தொடங்கும். பென் டிரைவைச் செருகி, கோப்புகளை இழுத்துப் போட்டு, பச்சைக் கோடு கடைசிவரை ஓடுவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய், மறுநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்த எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நாம் எல்லாம் ஒரே சங்கம்.

நான் படித்தது துண்டுப்பிரசுரங்களில். ஆலையில் இருபது வருடம் சங்க வேலை. ஒரு வேலைநிறுத்தத்தின் முடிவில் வெளியே தள்ளினார்கள். என்னோடு கொடி பிடித்தவர்கள் சிலர் இன்று காரில் போகிறார்கள். அவர்கள் கதை இங்கே வேண்டாம். பிரசுரம் அடிக்கக் கணினி கற்றேன், அது கடைசியில் சோறு போட்டது. மேற்கு மாம்பலத்தில் ரயிலை விட்டு இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் கடை. கூட்டாளி சந்திரா. தரமணியில் ஒரு பெரிய கம்பெனியில் பதினாறு வருடம் மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொல்லும் வேலை பார்த்தவர். ஒரு நாள் அவரையே தேவையில்லை என்றார்கள். நான் வாயால் வேலை செய்கிறேன், அவர் கண்ணால் செய்கிறார் என்பார்கள் எங்களைத் தெரிந்தவர்கள்.

நூற்று எண்பத்தாறு வீடுகள்

ஒரு திங்கட்கிழமை காலை, பழைய புடவையில் சுற்றிய கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார் மல்லிகா. அடையாறில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர். அதில் ஒரு வீட்டில் புதுக் கணினி வாங்கியபோது பழையதை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் இவர்கள் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, கையில் சான்று வைத்திருந்தவர்களுக்கு நகருக்கு வெளியே வீடு கிடைத்தது. சான்று பத்தாது என்று நூற்று எண்பத்தாறு குடும்பங்களை விட்டுவிட்டார்கள். மல்லிகா ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப் போய் ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது, இடிப்பதற்கு முன் எடுத்த வீட்டுப் படம் என்று எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் தானே பெயர் அடித்து வைத்திருந்தார். வியாழக்கிழமை விசாரணை. அன்று காட்டத் தவறினால் அந்தக் குடும்பத்துக்கு வீடு இல்லை.

கணினியின் ஹார்ட் டிஸ்க் கடக் கடக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது; அதிக நாள் தாங்காது. மயிலாப்பூரில் இவர்களுக்காக வாதாடும் வக்கீலம்மா தன் அலுவலகச் சேமிப்புப் பெட்டியையே எங்கள் கடைக்கு அனுப்பியிருந்தார். அதற்குள் எல்லாவற்றையும் மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான். “கவலையே வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்” என்றேன். மல்லிகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாரும் இப்டித்தான் சொல்லிக்கினு கீறாங்கண்ணே. நீ வேலைய பாரு, நான் இங்கயே குந்திக்கிறேன்.”

காலிப் பந்தி

அன்றே தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்தார். மகள் கல்யாண வீடியோ, ஒரே கோப்பு, ஆறு ஜி.பி. கையில் அறுபத்துநாலு ஜி.பி. பென் டிரைவ், புத்தம் புதியது. நகல் எடுக்கப் போனால் கோப்பு மிகப் பெரியது, ஏற்ற முடியாது என்றது. பென் டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. அதில் இருந்த பழைய முறைக்கு, ஒரு கோப்பு நாலு ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. மொத்த இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சந்திரா அந்த முறையை மாற்றி அமைத்து ஐந்து நிமிடத்தில் வீடியோவை ஏற்றிக் கொடுத்தார். மல்லிகாவின் கோப்புகள் மொத்தம் ஒன்பது ஜி.பி. என்று பார்த்து ஒரு காகிதத்தில் குறித்தும் வைத்துக்கொண்டார். அண்ணாச்சிக்குச் சமாதானம் ஆகவில்லை.

“பந்தி பூராவும் காலியாக் கெடக்கு, ஆளு கொஞ்சம் தடிமனா இருக்கான்னு எல போட மாட்டேங்குது. இது எந்த ஊரு மரியாத அண்ணாச்சி?”

ஞாயிற்றுக்கிழமை வாசித்த வீணை

செவ்வாய் காலை மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி வீணை வாசித்ததையெல்லாம் எட்டு வருடமாகச் செல்போனில் பதிவு செய்து, போன வாரம் கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றியிருக்கிறார். கோப்புகள் எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. தேதிகள்தான் வரவில்லை. “எட்டு வருஷமா வாசிச்சது அத்தனையும் போன ஞாயித்துக்கிழமை வாசிச்சதுன்னு காட்டறது சார். ஆத்துல கேட்டா, அன்னிக்கு நான் வீணையத் தொடவே இல்லேங்கறா” என்றார். நல்லவேளையாகப் பதிவுகள் செல்போனில் அப்படியே இருந்தன. தேதியையும் கூடவே கொண்டுவரும் கருவியை வைத்து சந்திரா திரும்ப எடுத்துக் கொடுத்தார்.

சிரித்துக்கொண்டிருந்த நான் மல்லிகாவைப் பார்த்ததும் நிறுத்தினேன். அவருடைய படங்களும் செல்போனிலிருந்து வந்தவைதானே? வெள்ளம் வந்த வருடத்துக்கு முன்பே அங்கே குடியிருந்தோம் என்று காட்டினால்தான் வீடு. “எல்லாம் போன வாரம் புட்ச்ச போட்டோன்னு சொல்லிட்டா இன்னாக்கா பண்றது?” என்றார். சந்திரா ஒரு படத்தைத் திறந்து, கேமரா எடுத்த நொடியிலேயே படத்துக்குள் எழுதிவைத்த தேதியைக் காட்டினார். கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் தேதி நகல் எடுக்கும்போது மாறலாம், உள்ளே இருப்பது அதனால் மாறாது. ஒன்றிரண்டைப் பார்த்து விட்டுவிடும் ஆள் இல்லை அவர். ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாறு படங்களைத் திறந்து சரிபார்த்த பிறகு மல்லிகாவின் தோளைத் தட்டினார்.

“இது உங்க போட்டோவோட மச்சம் மல்லிகா, எங்க போனாலும் கூடவே போகும்.”

தெரு இருந்தது

செவ்வாய் மதியம் நகல் எடுக்கும் கருவியை நான்தான் ஓடவிட்டேன். டிஸ்க் கடகடத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் ஓடியது. திரையில் பெரிதாகப் பச்சை டிக் விழுந்தது: ‘முடிந்தது’. மேடையில் தீர்மானம் நிறைவேறியதை அறிவிக்கும் குரலில் நானும் அதைச் சொன்னேன். மல்லிகா எழுந்திருக்கவில்லை. அவர்கள் குடியிருப்பில் ஒரு வழக்கமாம். தீ பிடித்தாலும் தண்ணீர் வந்தாலும், எல்லாம் அடங்கிய பிறகு ஒருவர் நின்று தெருத்தெருவாகக் கதவு எண்ணைக் கூப்பிடுவார். அந்தந்த வீட்டு ஆள் ‘கீறோம்’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத வீட்டுக்கு உடனே ஆள் ஓடும். “அதே மாதிரி நான் கூப்புட்றேன், நீ பெட்டிலேர்ந்து ஒவ்வொண்ணா தொறந்து காட்டி சொல்லு” என்றார். நூற்று எண்பத்தாறா என்று நான் முனகினேன். கூட்டம் போட்டு ஆள் சேர்த்துப் பழகியவன் நான். சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தவன் இல்லை.

ஆற்றோரத் தெரு ஐம்பது வீடு. அத்தனைக்கும் ‘கீறோம்’ சொன்னேன். முதல் குறுக்கு நாற்பத்தெட்டு, இரண்டாம் குறுக்கு நாற்பத்தேழு. ஒன்றும் குறையவில்லை, எனக்குத் தொண்டைதான் கட்டியது. அடுத்தது அங்காளம்மன் கோயில் பின்புறம் மூன்றாவது குறுக்குத்தெரு. அந்தப் பெயரில் பெட்டிக்குள் ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர், இருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. தெரு இருந்தது, நாற்பத்தொரு வீடுகளில் ஒன்றுகூட இல்லை. மல்லிகா முதல் கதவு எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

“பொக்லைன் வந்தப்போகூட எங்க தெருவ இடிக்க ரெண்டு நாள் ஆச்சு. உன் கம்ப்யூட்டரு டீ குடிக்கிறதுக்குள்ள காலி பண்ட்ச்சே, தலீவரே!”

சின்ன எழுத்தில்

என் முதல் வேலை கருவியைத் திட்டுவது. பொய் சொல்லிவிட்டது, ஏமாற்றிவிட்டது என்று கத்தினேன். சந்திரா பச்சை டிக்குக்குக் கீழே இருந்த ஒரு சின்ன வரியைத் தட்டினார். ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது. மூன்றாவது குறுக்குத்தெருவின் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரே காரணம்: பெயர் மிக நீளம், எடுக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பட்டியலைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. எத்தனை வாசல்களில் மனுவோடு நின்றிருக்கிறேன்! முடியாது என்பதை ஆள் ஆளாகப் பெயர் போட்டு, காரணத்தோடு எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? இந்தக் கருவி கொடுத்திருக்கிறது. தன்னால் ஆகாததை ஒளிக்காமல் எழுதி வைத்துவிட்டு, யாராவது படிப்பார்கள் என்று காத்திருந்திருக்கிறது. படிக்காமல் கூவியது நான். இதைச் சந்திரா சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

“நீங்க அடிச்ச நோட்டீஸ்ல தலைப்பை மட்டும் படிச்சுட்டுப் போறவனை என்ன திட்டு திட்டுவீங்க, தோழரே?”

ஒரே அளவுச் சட்டை

காரணம் இது. மல்லிகாவின் கணினி கோப்புகளை வைக்கும் முறை ஒன்று, பெட்டியின் முறை வேறொன்று. இரண்டுமே ஒரு பெயருக்கு இருநூற்று ஐம்பத்தைந்து இடம்தான் தருகின்றன. மல்லிகாவின் கணினியில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம். கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. பெட்டியிலோ ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம், தமிழில் அவை ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம். ‘கு’ என்று எழுதினால் ஆறு போய்விடும். மற்ற தெருக்களின் பெயர் சின்னது, தப்பித்துவிட்டது. குடும்பத் தலைவி பெயர், கணவர் பெயர், கதவு எண், அதோடு அங்காளம்மன் கோயில் பின்புறம் மூன்றாவது குறுக்குத்தெரு, மின் கட்டண ரசீது என்று முழுசாக எழுதினால் தாண்டிவிடுகிறது. கோயிலுக்குப் பின்னால் குடியிருந்ததற்குத் தண்டனை. எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழுக்கு மூன்று மடங்கு வசூலா என்று அப்போதே ஒரு பிரசுரம் எழுத உட்கார்ந்தேன். சந்திரா, இது யாரும் தமிழன் மேல் வஞ்சம் வைத்துச் செய்ததில்லை, இந்திக்கும் மூன்று, ஜப்பானுக்கும் மூன்று, ஆளைப் பார்க்காமல் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டார்கள் என்றார். வஞ்சம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். சட்டை பத்தவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

பெயரைச் சுருக்கிவிடலாமே என்றேன். தெருப் பெயரை ‘மூ.கு.தெ.’ என்று போட்டால் தீர்ந்தது. மல்லிகா முடியவே முடியாது என்றார். மனுவோடு கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு கோப்பும் முழுப் பெயரோடு அச்சாகி இருக்கிறது. அதில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால் கேள்வி வரும். கேள்வி வந்தால் தேதி தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் வைத்திருந்தார்.

“ரேஷன் கார்டுல சுருக்கி எய்திட்டாங்க, ஆளு வேறன்னுட்டாங்க. கரண்டு பில்லுல சுருக்கி எய்திட்டாங்க, தெரு வேறன்னுட்டாங்க. இன்னொரு வாட்டி எங்கள சுருக்காதண்ணே.”

மூட்டை

புதன் காலை சந்திரா செய்த வேலையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். பெட்டிக்குப் பிடிக்காத பெயர்களை அதன் கண்ணில் காட்டாமலே உள்ளே கொண்டுபோய்விட்டார். ஒரு தெருவின் கோப்புகள் அத்தனையையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினார். மூட்டைக்கு வெளியே சின்னப் பெயர். உள்ளே ஒவ்வொரு கோப்பும் மல்லிகா வைத்த முழுப் பெயரோடு அப்படியே இருக்கும். பெட்டிக்குத் தெரிவது வெளிப்பெயர் மட்டும். எல்லாத் தெருவையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நாலு ஜி.பி.யைத் தாண்டும், யாராவது பழைய முறை பென் டிரைவோடு வந்தால் அதில் ஏறாது என்பதால் தெருவுக்கு ஒன்றாக நாலு மூட்டை.

மூன்றாவது குறுக்குத்தெருவைக் கட்டும்போது டிஸ்க் நின்றுவிட்டது. கடகடப்பும் இல்லை, திரையில் அசைவும் இல்லை. நான் அணைத்துவிட்டு மறுபடி போடலாம் என்று கையை நீட்டினேன். சந்திரா என் கையைத் தட்டிவிட்டார். அணைத்தால் திரும்ப எழுந்திருக்காமல் போகலாம், விடுங்கள் என்றார். மூன்று பேரும் காத்திருந்தோம். மல்லிகா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு பொதுக்குழு முழுக்க உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு ‘கடக்’. இன்னொன்று. கோடு நகர்ந்தது. மூட்டை கட்டி முடிந்ததும் சந்திரா அதை எங்கள் கடைக் கணினியில் பிரித்தார், வக்கீலம்மாவின் மடிக்கணினியை வரவழைத்து அதிலும் பிரித்தார். இரண்டிலும் மல்லிகா கதவு எண் கூப்பிட்டார். இந்தத் தடவை நான் முனகவில்லை. நாற்பத்தொரு வீடும் குரல் கொடுத்தன. நன்றியாக நாலு வார்த்தை பேச நான் தொண்டையைக் கனைத்தபோது, மல்லிகா சந்திராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எக்கா, நீ எங்க தெருவுல பொறந்திருக்கணும், இன்னாத்துக்கு கம்பெனில போய் குந்தினே?”

விசாரணை

வியாழக்கிழமை நானும் போனேன். அழைக்கவில்லை, போனேன். இருபது குடும்பங்களுக்கு மேல் வராந்தாவில் நின்றிருந்தார்கள். தேவைப்பட்டால் கோஷம் போடலாம் என்று மனதுக்குள் இரண்டு வரி தயாராக வைத்திருந்தேன். வக்கீலம்மா மடிக்கணினியைத் திறந்து மூட்டைகளைப் பிரித்துக் காட்டினார். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். கையில் இருந்த பட்டியலில் விரலை வைத்து ஒரு பெயரைப் படிப்பார், திரையில் அதே பெயரைத் தேடுவார், திறப்பார், உள்ளே தேதியைப் பார்ப்பார். மூன்றாவது குறுக்குத்தெருவில் பத்துப் பன்னிரண்டு பார்த்தார். ஒன்றும் இடறவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து உதவியாளரிடம் கொடுத்து, “இதுல காப்பி பண்ணிக்குங்க, மீதிய நான் என் ரூம்ல பாத்துக்கறேன்” என்றார்.

இந்த வாக்கியத்துக்குப் பிறகு காணாமல் போன மனுக்களை நான் அறிவேன். வாயைத் திறந்தேன். அதற்குள் மல்லிகா ஒரு அடி முன்னால் வந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. பென் டிரைவில் ஏறியதும், நாலு தெருவையும் இங்கேயே, எல்லார் எதிரிலும் திறந்து, வீடு எத்தனை என்று சொல்லிவிட்டு எடுத்துப் போகும்படி கேட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு, உதவியாளரின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, பென் டிரைவைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். ஐம்பது. நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு. நாற்பத்தொன்று. கூட்டி, நூற்று எண்பத்தாறு குடும்பங்களின் சான்றும் பெறப்பட்டது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மல்லிகாவிடம் நீட்டினார். முடிவு வர இன்னும் நாளாகும், ஆனால் சான்று இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. வெளியே வரும்போது அதிகாரி வக்கீலம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

“அந்தம்மா எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க மேடம்? எங்களுக்கு அப்படி ஒருத்தர் வேணும்.”

இருபது வருடம் ஊரைக் கூட்டிக் கத்தியும் நான் எந்த அதிகாரியையும் உட்கார்ந்து எண்ண வைத்ததில்லை என்பதை, தயாரித்து வைத்த இரண்டு வரிக் கோஷமும் வீணாய்ப்போன வருத்தத்தோடு, இங்கே எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன்.